அஞ்செட்டிக் காட்டில் விட்டை எண்ணிய நாள்

2023 மார்ச் மாதம் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே, பயிரைக் காப்பதற்காகச் சட்டவிரோதமாகப் போடப்பட்டிருந்த மின்வேலியில் சிக்கி மூன்று யானைகள் இறந்தன. உடன் வந்த இரண்டு குட்டிகள் மட்டும் உயிர் தப்பின. அந்த இடம் எங்கள் ஊருக்குத் தொலைவில்லை. கேழ்வரகு முற்றும் காலத்தில் ஆண்டுதோறும் பரணில் இரவுக் காவல் இருந்து, யானையிடம் விளைச்சலைப் பறிகொடுத்தும் பழகிய என் அப்பா, செய்தி கேட்ட அன்று சாப்பிடவில்லை. அந்த ஆண்டு மே 17 முதல் 19 வரை தமிழகமும் கர்நாடகமும் சேர்ந்து நடத்திய யானைகள் கணக்கெடுப்பில் தன்னார்வலராகச் சேர நான் விண்ணப்பித்தது அதன் பிறகுதான்.

விண்ணப்பிப்பதில் சிரமம் ஏதுமில்லை. அடையாள அட்டை நகலுடன் ஒரு கடிதம் கொடுத்தேன். ஒரு வாரத்தில் பயிற்சிக்கு அழைத்தார்கள். இரு மாநிலங்களிலும் ஒரே நாட்களில் எண்ணுவதன் காரணத்தை அங்கே முதலில் விளக்கினார்கள். ஓசூர், தருமபுரிக் காடுகளின் யானைகளுக்கு மாநில எல்லை தெரியாது. 2014-இல் அறிவிக்கப்பட்ட காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயமும், 2022-இல் அறிவிக்கப்பட்ட ஏறத்தாழ 686 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள காவிரி தெற்குச் சரணாலயமும், ஆற்றுக்கு அப்பாலுள்ள கர்நாடகக் காடுகளுடன் சேர்ந்து ஒரே வாழிடமாக இருக்கின்றன. இன்று இங்கே எண்ணிய கூட்டத்தை அடுத்த வாரம் அங்கே இன்னொருவர் எண்ணினால், இல்லாத யானைகள் ஏட்டில் ஏறிவிடும்.

எனக்கு அஞ்செட்டிப் பக்கம் ஒதுக்கினார்கள். ராயக்கோட்டை, தேன்கனிக்கோட்டை வழியாகப் பேருந்தில் போய், முந்தைய நாள் இரவே முகாமில் தங்கினோம். மங்கிய நிற உடை, கணுக்கால் மூடும் காலணி, மூன்று லிட்டர் தண்ணீர் ஆகியவை போதும். வாசனைப் பொருள் எதுவும் கூடாது.

முதல் நாள், எல்லை வகுத்த ஒரு பகுதிக்குள் நடந்து, கண்ணால் பார்க்கும் யானைகளை மட்டும் எண்ண வேண்டும். காலையிலிருந்து நடந்தும் ஒன்றும் தென்படவில்லை. படிவத்தில் ‘இல்லை’ என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. என்னுடன் வந்த வேட்டைத் தடுப்புக் காவலர், “எழுதுங்க டீச்சர், இல்லைங்கறதும் கணக்குதான்” என்றார். வெறுமையாகக் கிடந்த பகுதிகளை விட்டுவிட்டு, யானை தென்பட்ட பகுதிகளை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் காடு முழுவதும் யானை நிறைந்திருப்பதாக ஆகிவிடும் என்று பயிற்சியில் சொல்லியிருந்ததன் பொருள் எனக்கு அப்போதுதான் முழுமையாகப் புரிந்தது.

இரண்டாம் நாள்தான் இந்த வேலையின் உயிர் என்று நான் கருதுகிறேன். இரண்டு கிலோமீட்டர் நேர்கோட்டில் நடந்து, கோட்டின் இருபுறமும் கண்ணில் படும் ஒவ்வொரு விட்டைக் குவியலுக்கும், கோட்டிலிருந்து செங்குத்தாக எவ்வளவு தூரம் என்று நாடாவால் அளந்து எழுத வேண்டும். கோட்டை விட்டு விலக விலகக் கண்ணில் படும் குவியல்கள் குறையும். அவை எந்த அளவில் குறைகின்றன என்பதிலிருந்து, நாம் பார்க்காமல் விட்டவை எத்தனை இருக்கும் என்று கணக்கிடுகிறார்கள். ஒரு யானை நாளொன்றுக்கு ஏறத்தாழ 16 முறை விட்டையிடும். விட்டை மண்ணோடு மண்ணாக எத்தனை நாளாகும் என்பதும் ஆய்வுகளில் அளக்கப்பட்டிருக்கிறது. இந்த இரண்டையும் குவியல்களின் அடர்த்தியோடு சேர்த்துப் பார்த்தால், ஒரு யானையைக்கூடக் காணாமலே எத்தனை யானைகள் அந்தக் காட்டைப் பயன்படுத்துகின்றன என்று மதிப்பிட முடிகிறது.

ஆச்சா மரங்களுக்கு இடையே தொடங்கிய கோடு, அரை கிலோமீட்டரில் உண்ணிச்செடிப் புதருக்குள் நுழைந்தது. நான் புதரைச் சுற்றிப் போய், எட்டத்திலிருந்தபடி ஒரு குவியலுக்குச் சாய்வாக நாடாவைப் பிடித்து 6.4 மீட்டர் என்று எழுதினேன். உடன் வந்த வனக்காப்பாளர் அதை ஏற்கவில்லை. அரிவாளால் வழி செய்து, கோட்டின் மேலேயே நின்று மீண்டும் அளந்தபோது 4.1 மீட்டர்தான் வந்தது. இப்படிப் பத்து இடத்தில் தூரத்தைக் கூட்டி எழுதினால் அடர்த்தி குறைந்து, காட்டில் யானையும் குறைந்ததாகவே முடிவு வரும். அதன் பிறகு முள் கிழித்தாலும் கோட்டை விட்டு நான் விலகவில்லை.

ஒரு குவியலின் அருகே மட்டும் நெடுநேரம் உட்கார்ந்திருந்தோம். மேலே காய்ந்து பழுப்பேறியிருந்த உருண்டையைக் காவலர் குச்சியால் பிளந்தார். உள்ளே ஈரம் இன்னும் இருந்தது. மூங்கில் நாரும் மரப்பட்டைத் துணுக்குகளும் சரிவரச் செரிக்காமல் கிடந்தன. நடுவில் இரண்டு புளியங்கொட்டைகள் வெடித்து வெள்ளை முளை விட்டிருந்தன. அடிப்பக்கம் சாணி வண்டுகள் மண்ணைக் குடைந்துகொண்டிருக்க, ஓரத்தில் கரையான் செம்மண் பூச்சைத் தொடங்கியிருந்தது. “இந்தக் கரையான் ஏறினா சீக்கிரமே மண்ணாயிடும்” என்றார் அவர். விட்டை அழியும் வேகம் என்று பயிற்சியில் கேட்ட ஒற்றைச் சொல்லுக்குள் வண்டும் கரையானும் மழையும் வெயிலும் அடங்கியிருப்பதை அங்கே கண்டேன். அன்று மாலைவரை எங்கள் கோட்டில் 34 குவியல்கள் பதிவாயின.

மூன்றாம் நாள் நீர்நிலைக் கணக்கெடுப்பு. தன்னார்வலர்கள் பெரும்பாலும் விரும்பிக் கேட்பது இந்த நாளைத்தான், அதில் தவறில்லை. குட்டைக்கு எதிரே, நம் வாடை யானையை எட்டாதபடி காற்றின் திசை பார்த்து, ஒரு பாறையின் மேல் காலையிலிருந்து அசையாமல் உட்கார்ந்திருந்தோம். மாலை நான்கு மணி தாண்டியதும் ஏழு யானைகள் வந்தன. தலையை எண்ணுவதோடு வேலை முடிவதில்லை. ஆணா பெண்ணா, ஆணென்றால் தந்தமுள்ள கொம்பனா, தந்தமில்லாத மக்னாவா, வயது எந்தப் பிரிவு என்பதையும் குறிக்க வேண்டும். தாயின் வயிற்றுக்கு அடியில் நுழைய முடிகிற குட்டி ஓராண்டுக்கு உட்பட்டது என்பது கையோடு வைத்துக்கொள்ளும் விதி. அந்தக் கூட்டத்தில் அப்படி ஒரு குட்டி இருந்தது. தண்ணீர் குடித்து முடிக்கும்வரை அது தாயின் முன்கால்களுக்கு நடுவிலேயே நின்றது. அவை போன பிறகு, ஈரமண்ணில் பதிந்த முன்கால் தடம் ஒன்றைக் காவலர் கயிற்றால் சுற்றி அளந்து, அந்தச் சுற்றளவைப் போல் இரண்டு மடங்குதான் தோள் உயரம் என்று காட்டினார்.

அந்தக் கணக்கெடுப்பின் முடிவில் தமிழ்நாட்டில் 2,961 யானைகள் இருப்பதாக மதிப்பிடப்பட்டது. 2017-இல் அது 2,761. அந்த எண்ணில் எங்கள் 34 குவியல்களுக்கும், முதல் நாள் நான் தயங்கி எழுதிய அந்த ‘இல்லை’க்கும் பங்கு உண்டு.

வீட்டுக்கு வந்ததும் அப்பா, “எத்தனை யானை பாத்த?” என்று கேட்டார். ஏழு என்றேன். பிறகு விட்டைக் கணக்கை விளக்கினேன். பரணில் உட்கார்ந்து இருட்டில் சத்தத்தை வைத்தே கூட்டத்தின் அளவைச் சொல்லிப் பழகியவர் அவர்; புளியங்கொட்டை முளைத்திருந்ததை இரண்டு முறை கேட்டுத் தெரிந்துகொண்டார். 2024 மே 23 முதல் 25 வரை நடந்த அடுத்த கணக்கெடுப்புக்கும் விண்ணப்பித்தேன். நேர்கோட்டுப் பாதையில்தான் நடக்க வேண்டும் என்று கடிதத்திலேயே கேட்டிருந்தேன்.