கணையக் கட்டியும் சர்க்கரை ஊசியும்

பித்தப்பையில் கல் இருக்கிறதா என்று பார்க்க எடுத்த எம்ஆர்ஐ படத்தில், என் அண்ணனின் கணையத்தில் 28 மில்லிமீட்டர் அளவுள்ள நீர்க்கட்டி ஒன்றும், அதன் உட்சுவரில் 4 மில்லிமீட்டர் அளவில் ஒரு சிறு முடிச்சும் தெரிந்தன. கல் இல்லை. சர்க்கரை ஊசி போட்டு உடலைப் படமெடுக்கும் பெட் ஸ்கேன் எடுத்துவிட்டால் புற்றா இல்லையா என்பது தெரிந்துவிடும் என்று அன்று மாலையே வீட்டில் அனைவரும் முடிவு கட்டிவிட்டோம். அறுவை மருத்துவர் மட்டும் தயங்கினார். "எடுக்கலாம், வேறெங்கேனும் ஏதாவது இருந்தால் தெரியும், ஆனால் இந்த முடிச்சைப் பற்றி அது அதிகம் சொல்லாது" என்றார். அந்தத் தயக்கத்தின் காரணம் எனக்குப் பிறகுதான் விளங்கியது.

கணைய நீர்க்கட்டி என்பது ஒரே நோயன்று. கணைய அழற்சிக்குப் பின் திரவம் தேங்கி உருவாகும் போலிக் கட்டியும், தெளிந்த நீர் நிறைந்த சீரஸ் கட்டியும் பெரும்பாலும் தீங்கற்றவை. சளி போன்ற திரவத்தைச் சுரக்கும் கட்டிகளே கவலைக்குரியவை. அவற்றுள் ஒன்று பெரும்பாலும் பெண்களுக்கு வருவது, மற்றொன்று கணையக் குழாய்களிலிருந்து முளைக்கும் ஐபிஎம்என். பிரதான குழாயில் வரும் ஐபிஎம்என் கிளைக்குழாயில் வருவதைவிட ஆபத்து மிகுந்தது. அண்ணனுக்கு இருந்தது கிளைக்குழாய் வகை. இவை மெல்ல மெல்ல மாறக்கூடியவை என்பதால், எந்தப் படி வரை மாறியிருக்கிறது என்பதே மருத்துவர்கள் தேடும் விடை.

பெட் ஸ்கேனில் செலுத்தும் எஃப்டிஜி, கதிரியக்க ஃபுளோரின் இணைத்த ஒருவகைச் சர்க்கரை. புற்று உயிரணுக்கள் சர்க்கரையை மிகுதியாக உட்கொள்வதை 1920களிலேயே ஜெர்மன் விஞ்ஞானி ஓட்டோ வார்பர்க் கண்டறிந்தார். அந்தப் பசியைப் படம் பிடிக்கும் எஃப்டிஜி 1976இல் பென்சில்வேனியாவில் முதன்முதலாக மனித உடலில் செலுத்தப்பட்டது. அந்த ஃபுளோரினின் அரை ஆயுள் ஏறத்தாழ 110 நிமிடம் என்பதால் மருந்தைச் சேமித்து வைக்க இயலாது. அன்றன்றைக்கே சைக்ளோட்ரான் என்ற துகள் முடுக்கியில் தயாரிக்க வேண்டும். அண்ணன் நீரிழிவுக்காரர். இரத்தத்தில் சர்க்கரை கூடியிருந்தால் அது ஊசிச் சர்க்கரையோடு போட்டியிட்டுப் படத்தை மங்கச் செய்யும் என்பதால், காலைக் கோப்பி முதல் மாத்திரை வரை அனைத்தையும் விசாரித்தார்கள். ஊசி போட்ட பின் ஒரு மணி நேரம் பேசாமல் படுத்திருக்கச் சொன்னார்கள். அன்று முழுவதும் பேரக்குழந்தையைத் தூக்கக் கூடாது என்றதுதான் அவருக்குப் பெரும் தண்டனையாக இருந்தது.

கட்டி ஒளிரவில்லை. வீட்டில் பாயசம் வைக்கும் அளவுக்கு மகிழ்ச்சி. ஆனால் நீர்க்கட்டியின் பெரும்பகுதி வெறும் திரவம். திரவத்தில் சர்க்கரை உண்ணும் உயிரணுக்கள் மிகக் குறைவு. சுவரோ மிக மெல்லியது. பெட் கருவியின் கூர்மை ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் என்ற அளவில்தான் உள்ளது. அதைவிடச் சிறிய முடிச்சு சர்க்கரையை விழுங்கினாலும், அந்த ஒளி சுற்றியுள்ள இருளோடு கலந்து மங்கிவிடும், போதாததற்கு ஒவ்வொரு மூச்சுக்கும் கணையம் அசைகிறது. எங்களுக்கு ஐயம் எழுப்பிய அந்த 4 மில்லிமீட்டர் முடிச்சு, கருவியின் கண்ணுக்கு எட்டாத அளவிலேயே இருந்தது. மறுபக்கமும் உண்டு: அழற்சி உயிரணுக்களுக்கும் சர்க்கரைப் பசி அதிகம், ஆகவே கணைய அழற்சியோ கிருமி தொற்றிய போலிக் கட்டியோ புற்றைப் போலவே ஒளிரக்கூடும்.

2000களின் தொடக்கத்தில் இத்தாலியின் பாதுவா நகர அறுவை மருத்துவர்கள், எஸ்யூவி எனப்படும் ஒளிர்வு அளவு 2.5ஐத் தாண்டினால் கட்டி தீயதாக இருக்க வாய்ப்பு அதிகம் என்று நம்பிக்கையூட்டும் முடிவுகளை வெளியிட்டனர். பிற மையங்களில் அதே துல்லியம் கிடைக்கவில்லை. கணையப் புற்றைச் சூழ்ந்து வளரும் நார்த்திசுவின் உயிரணுக்களைக் குறிவைக்கும் எஃப்ஏபிஐ என்ற வேறொரு பெட் ஸ்கேன் மருந்தை ஜெர்மனியின் ஹைடல்பெர்க் ஆய்வாளர்கள் ஐபிஎம்என் கட்டிகளிலும் சோதித்துள்ளனர். கணையப் புற்று நார்த்திசு மிகுந்த புற்று என்பதால் இந்த வழி எனக்குக் கூடுதல் நியாயமுள்ளதாகத் தோன்றுகிறது, ஆனால் அழற்சியில் அதுவும் ஒளிரும்.

கடைசியில் வழி காட்டியது, எண்டோஸ்கோபியை இரைப்பைக்குள் செலுத்திக் கணையத்தை மிக அருகிலிருந்து பார்க்கும் அல்ட்ராசவுண்ட். இரத்த ஓட்டத்தைப் படத்தில் எடுத்துக்காட்டும் ஊட்டொளி மருந்தை நரம்பு வழியே ஏற்றிப் பார்த்தபோது, முடிச்சுக்குள் இரத்த ஓட்டமே இல்லை. அது திரண்டு ஒட்டியிருந்த சளிதான், திசு அன்று. உறிஞ்சி எடுத்த திரவத்தில் சிஇஏ என்ற புரதத்தின் அளவு கூடியிருந்ததைக் கேட்டு அண்ணி கலங்கிவிட்டார். அந்த அளவு சளிக்கட்டி என்பதை மட்டுமே உறுதிப்படுத்தும், தீயதா என்பதைச் சொல்லாது என்று மருத்துவர் இரண்டு முறை விளக்க வேண்டியிருந்தது.

அறுவை இப்போதைக்குத் தேவையில்லை. ஆறு மாதத்தில் மீண்டும் எம்ஆர்ஐ. கட்டி வளர்கிறதா, பிரதான குழாய் விரிகிறதா என்பதைக் கதிரியக்கமின்றி அதுவே காட்டிவிடும். இந்த முறை சர்க்கரை ஊசி கிடையாது என்றதும் அண்ணன் முதலில் கேட்டது, கோப்பி குடித்துவிட்டு வரலாமா என்பதுதான். அதற்கும் நான்கு மணி நேரம் பட்டினி உண்டாம்.