பழைய டெஸ்க்டாப்பே போதும்

அக்கா பொண்ணுக்கு கிராபிக்ஸ் நிரல் எழுதிப் பார்க்க ஆசை. பாலக்கோட்டில் அவர்கள் வீட்டு டெஸ்க்டாப்பில் தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. தேவையும் இல்லை. பிராசஸரோடு வரும் கிராபிக்ஸ், 2010-இல் வெளிவந்த ஓபன்ஜிஎல் 3.3-ஐத் தாங்கினால் கற்றுக்கொள்ளப் போதும். ஓபன்ஜிஎல் என்பது நம் நிரல் கிராபிக்ஸ் சிப்பிடம் படம் வரையச் சொல்லும் வழி.

உபுண்டு லினக்ஸில், எழுதிய நிரலை இயங்கும் வடிவுக்கு மாற்ற கம்பைலர், விண்டோ திறக்க ஜிஎல்எஃப்டபிள்யூ, டிரைவரிலிருந்து ஓபன்ஜிஎல் ஃபங்ஷன்களை எடுத்துத் தர கிளாட், அவ்வளவுதான். ஒன்று மட்டும் கவனம்: ஓபன்ஜிஎல் தன் நிலையை வைத்துக்கொள்ளும் கான்டெக்ஸ்ட் உருவாகி, அதை நடப்பில் வைத்த பிறகுதான் கிளாடை அழைக்க வேண்டும்.

முதலில் வரைந்த முக்கோணத்தின் மூலைகளுக்கு சிவப்பு, பச்சை, நீலம் என்று அவளே எழுதினாள். திரையில் வந்ததும், "நடுவுல இத்தனை கலர் யாரு போட்டது மாமா?" என்றாள். மூன்று மூலை நிறங்களையும் வைத்து நடுவில் உள்ளதை கிராபிக்ஸ் சிப்பே (ஜிபியூ) கணக்கிட்டுக்கொள்ளும் என்று சொன்னேன்.

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் படிக்கிற பிள்ளைகளுக்கு இதை அமைக்க உதவி வேண்டுமென்றால் இன்பாக்ஸில் கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் நேரிலேயே வருகிறேன்.