டியூக்கும் மாமனாரும்

எண்ணெய் வண்ணத்தில் முகம் வரைய வேண்டுமானால் முதலில் பெரிய ஓவியர்கள் வரைந்ததைப் பார்த்து வரையுங்கள் என்று லண்டனில் எங்கள் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு ஆசிரியை சொல்லிவிட்டார். நான் எடுத்துக்கொண்டது ஸ்பெயின் ஓவியர் கோயா வரைந்த வெலிங்டன் டியூக், அதாவது அந்தப் பட்டம் பெற்ற பிரிட்டிஷ் படைத் தளபதி. அசல் இங்கேதான், நேஷனல் கேலரியில் இருக்கிறது. 64க்கு 52 சென்டிமீட்டர். சாப்பாட்டு மேசையில் அடங்கிவிடும்.

அளவைவிட அதன் வம்பு வழக்குதான் எனக்குப் பிடித்தது. 1961இல் 1,40,000 பவுண்டு மதிப்பில் வாங்கி மாட்டிய மூன்று வாரத்துக்குள் படம் களவு போனது. 1965இல் பர்மிங்காம் ரயில் நிலையத்தில் பயணிகள் பெட்டி வைக்கும் அறையில் கிடைத்தது. டிவி பார்க்க இங்கே கட்டவேண்டிய லைசென்ஸ் கட்டணம் முதியவர்களுக்குக் கூடாது என்று கொடி பிடித்த கெம்ப்டன் பன்டன் என்ற முன்னாள் பஸ் டிரைவர், தானே போய்ச் சரணடைந்தார். படம்தான் திரும்பி வந்துவிட்டதே! கடைசியில் திரும்பி வராத பிரேமைத் திருடியதற்கு மட்டும் தண்டனை.

ஊரிலிருந்து மாமனாரும் மாமியாரும் வந்திருந்த சமயம். சாம்பாரில்கூட வண்ணம் கரைக்கும் டர்பன்டைன் வாசனை. பழுப்பு வண்ணத்தைக் கரைத்து முதல் பூச்சு பூசியதும், "புகை பிடிச்ச சாமி படமா மாப்பிள்ளை?" என்றார் மாமியார். அடுத்து தோல் நிறம். வெள்ளை, மஞ்சள் காவி, சிவப்பு, கறுப்பு, இந்த நாலுக்கு மேல் தொடக்கூடாது என்பது ஆசிரியையின் உத்தரவு. மஞ்சளில் கறுப்பு கலந்தால் பச்சை தட்டும். கன்னத்து நிழலுக்கு அதுதான் வேண்டும். மாமியாருக்கு அது புரியவில்லை. "ஈரல் கெட்டுப்போயிருக்கு, யாராவது பார்த்துச் சொல்லக்கூடாதா?" என்று டியூக்குக்காக உண்மையிலேயே வருத்தப்பட்டார்.

ஒருவகையில் அவர் சொன்னதும் நியாயம்தான். 1812 ஜூலையில் ஸ்பெயினின் சாலமாங்காவில் பிரெஞ்சுப் படையோடு போர், ஆகஸ்டில் தலைநகர் மாட்ரிட்டுக்குள் நுழைவு. அந்தக் களைப்போடு வந்தவரைத்தான் கோயா உட்காரவைத்து வரைந்தார். டியூக்குக்கு வயது 43. வரைந்தவருக்கு 66, காதும் கேட்காது. வீராப்பெல்லாம் உடுப்போடு சரி. முகத்தில் தூக்கம் கெட்ட கண், லேசாகத் திறந்த வாய், எட்டிப் பார்க்கும் பல். பல்லுக்கு வெள்ளை வைக்காதீர்கள், சாம்பலில் துளி சிவப்பு போதும் என்று ஆசிரியை சொல்லியிருந்தார். அந்த ஒரு துளியை நகர்த்த நகர்த்த டியூக் சிரித்தார், முறைத்தார், ஒரு சனிக்கிழமை முழுக்க என் மனைவியின் திருச்சி சித்தப்பாவாகவே இருந்தார்.

மெடல் சமாசாரம் நேர்மாறு. கிட்டே போய்ப் பார்த்தால் கோயா வைத்திருப்பது வெறும் வண்ணக் கட்டிகள். பத்தடி தள்ளி நின்றால் மூன்று நட்சத்திரங்களும் ஜொலிக்கும். கட்டியாக அப்புவதற்கு என்ன கஷ்டம்? ஒரே சாயங்காலத்தில் முடிந்தது. அதுவரை டிவி பார்த்துக்கொண்டிருந்த மாமனார் எழுந்து வந்துவிட்டார்.

"இதெல்லாம் உட்காரும்போதே போட்டுட்டு வந்தாரா?"

"இல்லை மாமா. படம் வரைந்த பிறகும் விருது வந்துகொண்டே இருந்ததாம். கோயா மறுபடி தூரிகையை எடுத்துச் சேர்த்தார். கழுத்தில் தொங்குவது அப்படி வந்ததுதான்."

மாமனார் மின்வாரியத்தில் ரிட்டயர் ஆனவர். கிடைத்தது ஒரு சால்வை, ஒரு சுவர்க் கடிகாரம். படத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அப்போ பின்னாடி சேர்த்துக்கலாம்னு சொல்றீங்க."

"சேர்த்துக்கலாம் மாமா."

மறுநாள் காலையில் இஸ்திரி போட்ட சட்டையோடு ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பல் வேண்டாம், நட்சத்திரம் இரண்டு போதும் என்றார். சமையலறையிலிருந்து மாமியாரின் குரல் வந்தது:

"அப்படியே கொஞ்சம் முடியும் சேர்த்துடுங்க மாப்பிள்ளை!"