ஆறாவது டோனட்டின் விலை

டொரொண்டோவுக்கு வந்த புதிதில் மகளைவிட எங்களுக்குத்தான் கணக்கு அதிகம் உதைத்தது. காய்கறிக் கடையில் பெரிய எழுத்தில் பவுண்டு விலை, அதன் கீழே பொடி எழுத்தில் கிலோ விலை. அலமாரியில் ஒட்டியிருப்பது ஒன்று, பில்லில் வருவது வேறொன்று. டொரொண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் பல பொருட்களுக்கு 13 சதவீத விற்பனை வரி கடைசியில்தான் சேரும். நாங்களே தட்டுத்தடுமாறும்போது மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு எதைச் சொல்லித்தருவது? சரி, சேர்ந்தே படிப்போம் என்று அவளையும் கடைக்குக் கூட்டிப்போனோம்.

பள்ளியும் அதைத்தான் எதிர்பார்க்கிறது. 2020இல் வந்த ஒன்டாரியோ கணிதப் பாடத்திட்டத்தில் முதல் வகுப்பிலிருந்தே பணத்தைப் பற்றிய தனிப்பகுதி உண்டு.

குளிர்காலம் இன்னொரு பாடம் நடத்தியது. காலையில் மைனஸ் 12, பள்ளி விடும்போது மைனஸ் 4. "12தானே பெரிசு? அப்போ காலையிலதானே சூடு அதிகம்?" என்று கேட்டாள். கோடு போட்டு விளக்க நான் தாளைத் தேடிக்கொண்டிருந்தேன். அவள் அப்பா அவளைக் காலையில் ஒரு தடவை பால்கனிக்கு அழைத்துப்போனார், அவ்வளவுதான்.

ஊரில் இருக்கும் பாட்டியோடு பேசுவதற்கும் கணக்கு வேண்டும். கோடையில் ஒன்பதரை மணி நேர வித்தியாசம். நவம்பர் முதல் ஞாயிறு கடிகாரத்தைத் திருப்பி வைத்தபின் பத்தரை. அந்த அரை மணிதான் படுத்தும். இரவைப் பகலாக்கு, கோடையென்றால் இரண்டரை மணி கழி, குளிர்காலமென்றால் ஒன்றரை கழி என்று அவளே ஒரு வழி வைத்திருக்கிறாள். இங்கே இரவு எட்டு என்றால் கோடையில் அங்கே விடிகாலை ஐந்தரை. பாட்டி அப்போதுதான் எழுந்திருப்பார்.

ஆனால் எதைப் பார்த்தாலும் கேள்வி கேட்டால் பிள்ளை கடைக்கே வராது. ஒரு கட்டத்தில் அவள் அப்படித்தான் அடம்பிடித்தாள். தனக்கு ஏதாவது கிடைக்கும் கணக்கு என்றால் மட்டும் காது கொடுப்பாள். அதில் முதலிடம் டோனட்டுக்கு.

இந்த நாட்டு வரிச் சட்டத்தில் ஒரு வேடிக்கை. டோனட், மஃபின் மாதிரி இனிப்புப் பண்டங்களை ஆறுக்குக் குறைவாக வாங்கினால் வரி உண்டு. ஆறோ அதற்கு மேலோ என்றால் வீட்டு மளிகை போலக் கணக்கு, வரி இல்லை. ஒன்று 1.60 டாலர் என்றால் ஐந்துக்கு 8 டாலர், வரியோடு 9.04. ஆறுக்கு 9.60 மட்டும். இதில் இன்னொரு சுற்று: 2013 பிப்ரவரியில் ஒரு சென்ட் நாணய விநியோகத்தை நிறுத்திவிட்டதால், ரொக்கமாகக் கொடுத்தால் மொத்தத்தைக் கூட்டியோ குறைத்தோ பக்கத்து ஐந்து சென்ட்டுக்கு முழுமையாக்குவார்கள். அட்டை என்றால் உள்ளபடியே. ஆக ரொக்கத்தில் ஐந்து டோனட் 9.05. ஆறாவது வெறும் 55 சென்ட்டுக்கு வருகிறது.

"நமக்கு மூணு போதுமே. 4.80, வரியோட 5.42, கையில குடுத்தா 5.40" என்றேன், ஜெயித்துவிட்ட நினைப்பில்.

"அப்போ ஒண்ணு எவ்வளவும்மா?" என்றாள். 1.80.

ஆறு வாங்கினோம்.