ஏற்றத்தில் நிற்கும் வைப்பர்

ஐப்பசி மழை குன்னூரில் இறங்குவதற்குள் ஜீப்பின் வைப்பரைச் சரிசெய்துவிட வேண்டும் என்று ஆடியிலேயே கெடு வைத்திருந்தேன். புரட்டாசிக் கடைசியில்தான் முடிந்தது. இடையில் நடந்ததை எழுதிவைக்கிறேன்; இதே வண்டி வைத்திருப்பவர்களுக்கு உதவும்.

வண்டி பழைய பெட்ரோல் சிஜே-3பி ஜீப். அமெரிக்காவின் வில்லிஸ் நிறுவனம் 1953-இல் கொண்டுவந்த மாடல். அதன் 2199 சிசி எஞ்சினில் காற்றை உள்ளிழுக்கும் வால்வுகள் சிலிண்டருக்கு மேலே ஏறிவிட்டதால் எஞ்சின் உயரமாகி, அதற்காகப் பானெட்டையும் உயர்த்தினார்கள். அந்த உயர்ந்த நெற்றியைப் பார்த்துத்தான் எனக்கு இந்த வண்டியின் மேல் ஆசை வந்தது. மகிந்திரா இதை நம் நாட்டில் பல ஆண்டுகள் தயாரித்தது. என்னுடையது ஒரு தேயிலைத் தோட்டத்தில் உழைத்த வண்டி.

இதில் வைப்பருக்கு மின்சாரம் கிடையாது. எஞ்சின் காற்றை உறிஞ்சும் விசையில்தான் ஓடுகிறது. எஞ்சினுக்குள் காற்று போகும் மேனிஃபோல்டிலிருந்து ஒரு ரப்பர் குழாய் கண்ணாடிச் சட்டத்துக்கு வருகிறது. அங்கே உள்ளங்கை அளவு மோட்டார். அதன் உள்ளே ஒரு துடுப்பு. ஒரு பக்கம் காற்றை உறிஞ்சினால் துடுப்பு அந்தப் பக்கம் போகும், ஓரம் தொட்டதும் குட்டி வால்வு ஒன்று புரண்டு மறுபக்கம் உறிஞ்ச விடும். அவ்வளவுதான். இன்னொரு பக்கம் உட்காருகிறவருக்குக் கைப்பிடி வைத்த வைப்பர், அவரே ஆட்டிக்கொள்ள வேண்டும். போர்க்கால ஜீப்புகளில் ஓட்டுநர் பக்கமும் கை வைப்பராகத்தான் இருந்தது.

இந்த ஏற்பாட்டின் குணம் மலைப்பாதையில்தான் முழுதாகத் தெரியும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் கார்புரேட்டரில் காற்றை மறிக்கும் தகடு மூடிக்கொள்ளும், எஞ்சின் மூச்சு முட்டி இழுக்கும், வாக்குவம், அதாவது அந்த உறிஞ்சும் விசை, உச்சத்துக்குப் போகும். ஏற்றத்தில் அழுத்தி மிதித்தால் தகடு திறந்து வாக்குவம் விழுந்துவிடும். ஆகவே மேட்டுப்பாளையம்-குன்னூர் மலைப்பாதையில் பர்லியாறு பக்கம் கொட்டும் மழையில் ஏறும்போது வைப்பர் பாதிக் கண்ணாடியில் நின்றுவிடும். இறக்கத்தில் மழை விட்டிருந்தாலும் கூத்துக்காரன் போல ஆடித் தீர்க்கும். என் மகள் சிறுவயதில் இதைப் பார்த்து, "வைப்பருக்கு மேலே ஏற மூச்சு வாங்குதாப்பா?" என்று கேட்டாள். நடப்பது ஏறக்குறைய அதுதான்.

வொர்க்‌ஷாப் அண்ணன் முதல் நாளே சொல்லிவிட்டார்: "தம்பி, பன்னெண்டு வோல்ட் மோட்டார் ஒண்ணு மாட்டிட்டா ஒரு மணி நேர வேலை." நியாயமான பேச்சுதான். ஆனால் இந்த வைப்பர் ஓடினால்தான் அது அந்த வண்டி என்று எனக்கு ஒரு பிடிவாதம். அவரும் அதற்குமேல் வற்புறுத்தவில்லை. பழைய சாமான் குவியலிலிருந்து இன்னொரு மோட்டாரை எடுத்துக் கொடுத்தார். டீசல் எஞ்சினுக்கு மாற்றிய ஒரு ஜீப்பிலிருந்து கழற்றியது. பெரும்பாலான டீசல் எஞ்சின்களில் காற்றை மறிக்கும் தகடே இல்லை, அதனால் உறிஞ்சும் விசையும் இல்லை. அப்படி எஞ்சின் மாறிய வண்டிகளில் இந்த மோட்டார்கள் வேலையிழந்து மூலைக்குப் போயின.

முதலில் ஒரு வாக்குவம் மீட்டர் வாங்கி அளந்தேன். அடிவாரத்து மேட்டுப்பாளையத்தில் ஐட்லிங்கில், அதாவது மிதிக்காமல் எஞ்சின் சும்மா ஓடும்போது, பாதரச அளவில் 17 அங்குலம். குன்னூரில் 12. எஞ்சினில் கோளாறு இல்லை. ஆயிரம் அடி ஏறினால் ஏறக்குறைய ஓர் அங்குலம் குறையும், இங்கே காற்றே மெல்லியது. அப்படியானால் இருக்கும் 12-இல் ஒரு துளிகூட ஒழுகக் கூடாது.

மோட்டாரைத் திறந்தேன். துடுப்பின் ஓரத்துத் தோல் அப்பளம் மாதிரி காய்ந்து சுருங்கியிருந்தது. தோல் இன்னும் கிழியவில்லை என்பதால் விளக்கெண்ணெயில் இரண்டு நாள் ஊறவைத்தேன், மூன்றாம் நாள் மெதுவாக நீவிவிட்டேன். நன்றாகவே இளகி வந்தது. மூடிக்கான கேஸ்கட்டைத் தடித்த காகிதத்தில் நானே வெட்டினேன். சோதிக்க எஞ்சின்கூடத் தேவையில்லை, புதுக் குழாய்த் துண்டு ஒன்றைச் செருகி வாயால் உறிஞ்சினால் போதும். சாப்பாட்டு மேசையில் வைத்து நான் உறிஞ்ச உறிஞ்ச அது டக் டக் என்று திரும்பியது. வீட்டில் எல்லோரும் வரிசையாக வந்து உறிஞ்சிப் பார்த்தார்கள். என் அம்மாவுக்கு ஒரே மூச்சில் நான்கு வீச்சு வந்தது.

அப்புறம் குழாய். மீன்தொட்டிக் குழாய் சரியாகப் பொருந்தியது, ஆனால் எஞ்சின் சூடேறியதும் இளகி, உள்பக்கம் ஒட்டிக்கொண்டது. இதே வாக்குவத்தில் பிரேக் மிதிக்குக் கைகொடுக்கும் பிரேக் பூஸ்டருக்குப் போடும் தடித்த சுவர் கொண்ட ஹோஸ்தான் சரி. அதை மாட்டியதும் இன்னொரு நன்மை: முன்பெல்லாம் வைப்பரைத் திறந்தாலே ஐட்லிங் தடுமாறும், வேண்டாத காற்று உள்ளே போய்க் கலவை நீர்த்துவிடும். இப்போது அசையவில்லை.

பிளேடு விஷயத்தில் ஆசைப்படக் கூடாது. பெரிதாகத் துடைக்கட்டுமே என்று 14 அங்குலம் போட்டேன், மோட்டாரால் இழுக்க முடியவில்லை. 10 அங்குலத்துக்கே திரும்பிவிட்டேன்.

கடைசியாக, ஏற்றத்துக்கு ஒரு சேமிப்பு. வாக்குவத்தை ஒரு கலத்தில் பிடித்துவைத்து, திரும்பிப் போகாமல் ஒன்வே வால்வு போட்டால், மிதிக்கும் நேரத்தில் கைகொடுக்கும். முதலில் வைத்த பால்பவுடர் டின் ஐந்து நிமிடத்தில் நசுங்கிச் சுருண்டது. வெளிக்காற்றின் கனத்தை அன்று கண்ணால் பார்த்தேன். பிறகு நான்கு அங்குல பிவிசி குழாயில் ஒன்றரை அடி வெட்டி, இருபுறமும் மூடி ஒட்டி, மாருதி 800-இன் பிரேக் பூஸ்டர் வால்வைப் பொருத்தினேன். அழுத்தி மிதித்த பிறகும் பத்துப் பன்னிரண்டு வீச்சு கிடைக்கிறது.

ஐப்பசி முதல் வாரம் நல்ல மழையில் மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறினோம். தோட்டத்தில் இதே மாதிரி வண்டி ஓட்டிய பெரியவர் ஒருவர் சொன்ன வழக்கத்தைக் கடைப்பிடித்தேன்: கொண்டை ஊசி வளைவுக்கு முன்னால் கியர் மாற்றக் காலை எடுக்கும்போது கொஞ்சம் கூடுதலாகவே எடுத்து வைப்பது. அந்த இடைவெளியில் கலம் நிறைந்துவிடுகிறது, வளைவு முடியும்வரை கண்ணாடி தெளிவாக இருக்கிறது. காட்டேரிக்கு முன்னால் ஒரு நீண்ட ஏற்றத்தில் மட்டும் வைப்பர் தயங்கித் தயங்கி நடுவில் நின்றது. இடது பக்கம் மகள் கைப்பிடியை ஆட்டிக்கொண்டே, "என்னுது ஓடுதுப்பா, என் பக்கமா பார்த்து ஓட்டுங்க" என்றாள். ஓரமாக நிறுத்தினேன். ஐட்லிங்கில் இரண்டே நொடியில் அது திரும்ப ஆடத் தொடங்கியது.

அடுத்து, கலத்தை மூன்றடியாக்க வேண்டும். டேஷ்போர்டுக்குக் கீழே இடம் இருக்கிறதா என்று ஞாயிற்றுக்கிழமை அளக்கப் போகிறேன்.