தலை திரும்பும் ஃப்ளாஷ் ஒன்று போதும்

சேலத்தில் ஆடி கழிந்து முகூர்த்த நாட்கள் தொடங்கிவிட்டால் காதுகுத்து, வளைகாப்பு, கிரகப்பிரவேசம் என்று விசேஷங்கள் வரிசை கட்டும். உறவில் கேமரா வைத்திருப்பவரிடம் படம் எடுக்கும் பொறுப்பு தானாகவே வந்து சேரும். அப்படிப்பட்டவர்கள் இரண்டாவது லென்ஸுக்குப் பணம் சேர்ப்பதற்கு முன்னால் ஒரு ஃப்ளாஷ் வாங்கிவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. விலை உயர்ந்ததாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் அதன் தலை மேல்நோக்கி நிமிர்வதோடு இடப்புறமும் வலப்புறமும் திரும்ப வேண்டும். இதில் மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது.

கேமராவுக்குள்ளேயே இருக்கும் சிறிய ஃப்ளாஷ், லென்ஸுக்குச் சற்று மேலிருந்து முகத்தின் மீது நேராக அடிக்கிறது. அதனால்தான் நெற்றி பளபளக்கிறது, சரிகை வெளிறிப் போகிறது, பின்சுவரில் கறுப்பு நிழல் ஒட்டிக்கொள்கிறது. ஒளி வரும் பரப்பு சிறியதாக இருக்கும்வரை நிழல் கடுமையாகத்தான் விழும். ஃப்ளாஷின் தலையைக் கூரையை நோக்கித் திருப்பினால், ஒளிபட்ட கூரைப் பகுதி முழுவதும் பெரிய விளக்காக மாறி, வெளிச்சம் மென்மையாக இறங்குகிறது. செவ்வாய்ப்பேட்டையில் வாங்கிய வெள்ளிக் கொலுசைக் குழந்தையின் காலில் போட்டு இரண்டு விதமாகவும் எடுத்துப் பாருங்கள்: நேரடி ஒளியில் வெறும் வெள்ளைப் புள்ளிகளாகத் தெரிவது, கூரையில் பட்டுத் திரும்பிய ஒளியில் முத்தும் வேலைப்பாடுமாகத் தெரியும்.

தலை பக்கவாட்டிலும் திரும்ப வேண்டும் என்பதற்குக் காரணம் உண்டு. முகப்படங்களைப் பெரும்பாலும் கேமராவைச் செங்குத்தாகத் திருப்பிப் பிடித்தே எடுக்கிறோம். அப்போது மேலே மட்டும் நிமிரும் ஃப்ளாஷ், கூரையை விட்டுவிட்டுப் பக்கத்துச் சுவரைப் பார்க்கும். அந்தச் சுவர் வெள்ளையாக இருந்தால் அதுவும் நல்லதே. பக்கத்திலிருந்து வரும் ஒளியில் மூக்கும் கன்னமும் உருவம் பெறும். பச்சையோ நீலமோ பூசிய சுவராக இருந்தால் அந்த நிறம் முகத்தில் ஏறிவிடும். அம்மாப்பேட்டைப் பக்கத்து ஓட்டு வீடுகளில் கருத்த மரச்சட்டங்கள் ஒளியை விழுங்கிவிடும் என்பதால், அங்கே வெள்ளைச் சுவரைத் தேடுவதே வழி. கல்யாண மண்டபத்தின் உயரமான கூரைக்கும், வண்ணத்துணிப் பந்தலுக்கும், பல ஃப்ளாஷ்களிலேயே செருகியிருக்கும் சிறிய வெள்ளை அட்டையை வெளியே இழுத்துப் பயன்படுத்தலாம்.

ஆற்றலைக் குறிக்கும் கைடு நம்பரைப் பார்க்கும்போது கவனம் வேண்டும். கேனான் 1500டி கேமராவின் உள் ஃப்ளாஷுக்கு அது 9.2, கோடாக்ஸ் டிடி600 என்ற தனி ஃப்ளாஷுக்கு 60. ஆனால் இந்த 60, தூரத்தை நெருக்கிக் காட்டும் 200 மி.மீ. லென்ஸுக்கேற்ப ஒளியைக் குவித்து அளந்தது. அகன்ற காட்சி தரும் 35 மி.மீ. லென்ஸுக்கேற்ப விரிக்கும்போது எண் வெகுவாகக் குறையும். எனவே குவிப்பு அளவைச் சொல்லாத எண்ணை வைத்து இரண்டு ஃப்ளாஷ்களை ஒப்பிடக் கூடாது. அப்படியிருந்தும் பத்தடிக் கூரையுள்ள வீட்டில், கேமராவின் ஒளியுணர்திறனை ஐ.எஸ்.ஓ. 800 என்றும் லென்ஸின் திறப்பை எஃப்/4 என்றும் வைத்துக்கொண்டால், இவ்வகை ஃப்ளாஷின் முழு ஆற்றலும் தேவைப்படுவதில்லை.

அடுத்த கேள்வி டி.டி.எல். வேண்டுமா என்பது. அந்த வசதி உள்ளவை முன்கூட்டி ஒரு சிறு மின்னலை அடித்து, லென்ஸ் வழியாக வரும் ஒளியை அளந்து, ஆற்றலைத் தாமே முடிவு செய்கின்றன. ஓடியாடும் குழந்தைகளுக்குப் பின்னால் போகிறவருக்கு அது உதவும். இருந்தாலும் ஒரே அறையில் கூரையில் அடித்து எடுக்கும்போது, ஆட்கள் ஓரிரு அடி நகர்ந்தாலும் வெளிச்சம் பெரிதாக மாறுவதில்லை. மேனுவலில், அதாவது ஆற்றலை நாமே கையால் அமைக்கும் முறையில், 1/8 அல்லது 1/4 ஆற்றலில் தொடங்கி ஒருமுறை சரிசெய்துகொண்டால் போதும். பணம் அளவாக உள்ளவர்களுக்கு டிடி600, யாங்நுவோ ஒய்என்560 போன்ற மேனுவல் ஃப்ளாஷையே சிபாரிசு செய்வேன். பிற்பாடு அதையே குடையின் முன் வைத்து, கம்பியில்லாமல் இயக்கி, முகப்படம் எடுக்கலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். கேனான் 1500டி, 3000டி, 200டி II போன்ற கேமராக்களின் ஹாட் ஷூவில், அதாவது மேலே ஃப்ளாஷ் மாட்டும் இடத்தில், நடுத் தொடுமுனை இல்லை; அந்த ஒரு முனையை மட்டுமே நம்பும் மேனுவல் ஃப்ளாஷ் அவற்றில் எரியாது. சோனிக்கும் ஷூவின் அமைப்பு வேறு. பழைய ஸ்டுடியோ ஃப்ளாஷை யாராவது இலவசமாகத் தந்தாலும் டிஜிட்டல் கேமராவில் மாட்ட வேண்டாம். அவற்றில் சில, கேமராவின் மின்சுற்றைக் கெடுக்கும் அளவுக்கு உயர்ந்த மின்னழுத்தத்தைச் செலுத்தக்கூடியவை.

ஏற்காட்டுப் பனிமூட்டத்தில் கேமராவின் தலைமேல் ஃப்ளாஷ் போடுவதில் பயனில்லை. அருகிலுள்ள நீர்த்துளிகளே ஒளியைத் திருப்பி அனுப்பி, படம் முழுக்க வெண்புள்ளிகளாகிவிடும்.

பேட்டரிக்குத் தனியாகப் பணம் ஒதுக்குங்கள். நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு வகையில், திரும்பத் திரும்பச் சார்ஜ் செய்யக்கூடிய ஏஏ பேட்டரிகள் நான்கும் மாற்றுக்கு நான்கும் இருந்தால் ஒரு விசேஷத்தைச் சமாளிக்கலாம். சாதாரண அல்கலைன் பேட்டரிகளில் ஃப்ளாஷ் மீண்டும் தயாராக அதிக நேரமாகும். கடைக்குப் போகும்போது உங்கள் கேமராவையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். அங்கேயே மாட்டி, தலையை எல்லாப் பக்கமும் திருப்பி, கூரையில் அடித்துச் சில படங்கள் எடுத்துப் பார்த்த பிறகே பணத்தைக் கொடுங்கள்.