சீர் செய்து முடித்தாயிற்று

நீதிமன்ற வராந்தாவில் இன்று அப்பா ஒரு பெஞ்சில், அத்தை ஒரு பெஞ்சில். நான் அத்தை பக்கம் உட்கார்ந்தேன்.

தாத்தாவின் உயில் நகல் அத்தையின் மடியில் இருந்தது. ஒரே ஒரு வரியை விரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

"மகளுக்குத் திருமணத்தின்போது சீர் செய்து முடித்துவிட்டபடியால் பங்கு ஏதுமில்லை."

பதினொரு பவுன், ஒரு பித்தளை அண்டா, ஒரு கட்டில். 1984இல் கொடுத்தது. அதோடு ஒரு மகளின் கணக்கு முடிந்துவிடுமா?

1989இல் தமிழ்நாடு பெண்களுக்குப் பூர்வீகச் சொத்தில் பங்கு தந்தது. ஆனால் அதற்கு முன்பே மணமானவர்களை விலக்கிவிட்டது. 2005ஆம் ஆண்டின் மத்தியச் சட்டத் திருத்தம்தான் அத்தை போன்றவர்களுக்கும் கதவைத் திறந்தது.

தான் சம்பாதித்ததைத் தாத்தா யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம். பூர்வீக நிலத்தில் தன் பங்கை மட்டும்தான் எழுத முடியும். உயிலில் உள்ள நஞ்சை நிலம் இதில் எந்த வகை என்பதுதான் வழக்கே.

தாத்தா படுக்கையில் கிடந்த நான்கு ஆண்டுகளும் கஞ்சி ஊட்டியது அத்தை. அப்போது யாரும் அவரிடம் "உனக்குத்தான் சீர் செய்தாயிற்றே, போ" என்று சொல்லவில்லை.

இன்றைக்கு ஊர் சொல்கிறது, கூடப்பிறந்தவனைக் கோர்ட்டுக்கு இழுத்தவள் என்று. எனக்கு வயிறு எரிகிறது.

வழக்கு எண்ணைக் கூப்பிட்டார்கள். அத்தை எழுந்தார். நகலை மடித்துப் பையில் வைத்துக்கொண்டே என்னிடம் மெதுவாகக் கேட்டார்:

"உன் அப்பா காலையில் மாத்திரை போட்டுக்கொண்டானா?"